எட்டு நாள் வாரம் உள்ள ஊர்

போன இதழில் ஒரு பள்ளி மாணவி, "உலகத்தில் எல்லா ஊரிலும் வாரத்துக்கு ஏழு நாள்தானா?" என்று கேட்டிருந்தாள். "பாலஸ்தீனத்தில் பத்தீர் என்று ஓர் ஊர். அங்கே தண்ணீர்க் கணக்குக்கு வாரம் எட்டு நாள்" என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களும் வைபர் செய்திகளும் பாதிக்கு மேல் அந்த ஒற்றை வரியைப் பற்றித்தான். ஆகவே இந்த மாதம் முழுவதும் பத்தீர். நான் அந்த ஊருக்குப் போனவன் இல்லை. பழைய ரயில் பாதைகளைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிக்கிற பைத்தியம் உண்டு. அந்த வழியில் அறிமுகமான ஊர் இது. கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பத்தீர் எங்கே இருக்கிறது? அது இஸ்ரேலா, பாலஸ்தீனமா? வரைபடத்தில் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம். (பெகு வாசகி)

அம்மா, ஜெருசலேமைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அங்கிருந்து தென்மேற்கே ஏழெட்டு கிலோமீட்டர்தான். பெத்லகேமிலிருந்து என்றால் மேற்கே, இன்னும் கிட்டம். நாப்லுசுக்கும் ஹெப்ரானுக்கும் நடுவே வடக்குத் தெற்காகக் கிடக்கும் மலைநாட்டில், மத்தியதரைக் கடலைப் பார்த்த சரிவில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. 2017 கணக்கெடுப்பில் ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள். சிற்றூர் என்று சொல்வதா, பெரிய கிராமம் என்று சொல்வதா என்பது உங்கள் இஷ்டம்.

அங்கே மலைச்சரிவு 900 மீட்டர் உயரத்திலிருந்து 500 மீட்டர் வரை இறங்குகிறது. அவ்வளவு சரிவையும் சாந்து பூசாத கல் சுவர்களால் தடுத்து, தளம் தளமாக மண் நிரப்பி, கோயில் குளத்துப் படிகளைப் போல ஆக்கி வைத்திருக்கிறார்கள். ஊற்றுநீர் எட்டாத தளங்களில் ஒலிவ மரமும் திராட்சையும். அவை மழையை நம்பி நிற்பவை. ஊற்றுக்குக் கீழே இருக்கும் தளங்களில் காய்கறி. ஆங்காங்கே சின்னச் சின்னக் கல் கட்டடங்கள் தெரியும். அறுவடைக் காலத்தில் குடும்பத்தோடு தங்கிக் காவல் காப்பதற்காகக் கட்டியவை. எல்லாவற்றுக்கும் கீழே, பள்ளத்தாக்கின் அடியில், ரயில் பாதை. அதைப் பற்றிப் பின்னால் நிறையப் பேசப் போகிறேன், தயாராக இருங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஊர் மேற்குக் கரையில், பெத்லகேம் மாவட்டத்தில் இருக்கிறது. அதாவது பாலஸ்தீனம். 1917 வரை துருக்கிய உஸ்மானியப் பேரரசு, 1948 வரை ஆங்கிலேயர், 1949-லிருந்து ஜோர்டான், 1967 போருக்குப் பிறகு இஸ்ரேலிய ராணுவம். 1995-ல் ஒஸ்லோ இரண்டாம் ஒப்பந்தம் மேற்குக் கரையை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தது. பத்தீரில் வீடுகள் இருக்கும் பகுதி பி. சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பங்கு சி. பி பகுதியில் அன்றாட நிர்வாகம் பாலஸ்தீன அதிகாரசபையிடம், பாதுகாப்பில் இஸ்ரேலின் கை ஓங்கியிருக்கும். சி பகுதியில் இரண்டுமே இஸ்ரேலிடம். இது போதாதென்று, 1949-ல் போட்ட போர்நிறுத்தக் கோடு ஊரின் காலடியிலேயே போகிறது. கோட்டுக்கு அப்பாலும் ஊராருக்கு நிலம் உண்டு. ஒரு பத்தீர்க்காரர் கத்தரிக்காய் பறிக்க வீட்டை விட்டு இறங்கினால் பி-யிலிருந்து சி-க்குப் போவார். தண்டவாளத்தையும் தாண்டினால் வேறொரு நாட்டில் நிற்பார். எல்லாம் சேர்ந்து அரை மணி நடை இருக்காது.

கேள்வி: வாரம் எட்டு நாள் என்றால் அது என்ன கணக்கு? எங்கள் பக்கம் மழைக்குக் குறைவில்லை. அங்கே மலை மேல் காய்கறி போடுகிறார்கள் என்றால் தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள்? (தட்டோன் பக்கத்து விவசாயி)

ஐயா, மழையைப் பற்றி நீங்கள் பேசலாம், உங்களுக்கு உரிமை உண்டு. ரங்கூனில் வருஷத்துக்கு 2,700 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. உங்கள் பக்கம் அதைவிடக் கூடுதல். ஜெருசலேம் மலைகளில் ஏறக்குறைய 550. அதுவும் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவே பெய்து முடித்துவிடும். நாம் குடையும் சேறுமாகத் திண்டாடும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அங்கே வானம் வெளுத்துக் கிடக்கும், ஒரு சொட்டு விழாது.

ஆனால் அந்த மலை சுண்ணாம்புக்கல் மலை. குளிர்கால மழை வெடிப்புகள் வழியே உள்ளே இறங்கும். அடியில் நீர் புகாத களிப்பாறை குறுக்கே வரும் இடத்தில் மேற்கொண்டு இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் ஊர்ந்து, சரிவில் ஊற்றாக வெளியே வரும். கோடையிலும் வரும். பத்தீரின் மானம் மரியாதை, சாப்பாடு எல்லாம் இந்த ஊற்றுகள்தான்.

ஊற்றுத் தண்ணீரை அப்படியே வயலுக்கு விட்டால் முதல் வயலே குடித்துவிடும். அதனால் அதை ஒரு கல் குளத்தில் தேக்குகிறார்கள். ரோமர் காலத்திலிருந்து வருகிற ஏற்பாடு இது. ராத்திரி முழுக்கக் குளம் நிறையும். காலையில் அன்றைய முறைக்காரர்கள் கூடுவார்கள். ஊரில் எட்டுப் பெரிய குடும்பங்கள். குடும்பம் என்றால் நம் வகையறா அளவுக்குப் பெரியது. ஒரு நாள் ஒரு குடும்பத்துக்கு. எட்டாவது குடும்பம் முடிந்ததும் மறுபடி முதல் குடும்பம். இதுதான் எட்டு நாள் வாரம்.

அந்தக் குடும்பத்துக்குள்ளேயே பல பேருக்குப் பங்கு இருக்குமே, அதை எப்படிப் பிரிப்பது? கோடு வெட்டிய ஒரு குச்சி இருக்கிறது. அதைக் குளத்தில் இறக்கி ஆழம் பார்ப்பார்கள். அன்றைக்கு இருக்கிற ஆழத்தைப் பங்குகளால் வகுத்து, ஒருவருக்கு இத்தனை கோடு இறங்கும் வரை என்று மடை திறந்து விடுவார்கள். அவர் அளவு முடிந்ததும் அடுத்தவர் வாய்க்காலுக்குத் திருப்பிவிட வேண்டியதுதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. என் தாத்தா கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்தவர். முறைத்தண்ணீருக்காக அண்ணன் தம்பி மண்வெட்டியோடு நின்ற கதைகளைச் சொல்லிச் சொல்லியே எங்களைத் தூங்க வைப்பார். அங்கே முறை என்றால் நாழிகைக் கணக்கு. உனக்கு இத்தனை நாழிகை, எனக்கு இத்தனை நாழிகை. வாய்க்காலில் நிறைய வந்தால் நீ அதிர்ஷ்டசாலி. உன் நேரத்தில் பார்த்து வரத்து குறைந்தால் உன் தலைவிதி. பத்தீரில் நேரத்தை அளப்பதில்லை, குளத்தில் நிற்கும் தண்ணீரையே அளக்கிறார்கள். கோடையில் ஊற்று இளைத்தால் அன்றைய பங்குக்காரர் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறையும். ராத்திரியில் நிறைவதைப் பகலில் எல்லோர் கண் முன்னாலும் அளப்பதால், அர்த்தராத்திரியில் மடையை மாற்றித் திருப்பும் வேலைக்கும் இடமில்லை.

எட்டு நாள் என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குடும்பங்கள் ஏழாக இருந்திருந்தால் ஒரு குடும்பத்துக்கு எப்போதும் வெள்ளிக்கிழமைதான் முறை வரும். தொழுகையையும் பார்க்க வேண்டும், வயலையும் பார்க்க வேண்டும். எட்டு என்பதால் முறை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கிழமை தள்ளிப் போகிறது. 56 நாளில் எல்லாக் கிழமையும் எல்லோருக்கும் வந்துவிடும். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு எட்டு ஆக்கவில்லை. குடும்பங்கள் எட்டு, அவ்வளவுதான். ஆனாலும் அதனால் வந்த நியாயம் நியாயம்தான்.

கேள்வி: அங்கே விளைவதில் நம் சமையலுக்கு ஆகிற காய் ஏதாவது உண்டா? (சிரியம் வாசகி)

கத்தரிக்காய்! பத்தீர்க் கத்தரிக்காய்க்கு அந்த வட்டாரம் முழுக்கப் பெயர். அதற்கென்று ஊரில் திருவிழாவே நடத்தியிருக்கிறார்கள். நீளவாட்டுக் காய், உள்ளே குடைந்து அரிசியும் கறியும் அடைத்து வேகவைப்பார்கள். அரிசி, கறி, பொரித்த கத்தரிக்காய் இவற்றைச் சட்டியில் அடுக்கி வேகவைத்து, அப்படியே தட்டில் கவிழ்த்துப் பரிமாறும் மக்லூபா பாலஸ்தீனம் முழுவதும் உண்டு. நம் வீடுகளில் பிரியாணிக்குக் கத்தரிக்காயைத் தனியாகக் கொத்சு வைக்கிறோம். அவர்கள் ஒரே சட்டியில் வேலையை முடித்துவிடுகிறார்கள். எண்ணெய், சொல்லவே வேண்டாம், ஒலிவ எண்ணெய். அக்டோபர், நவம்பரில் ஒலிவக்காய் பறிப்பு. அப்போது ஊர் முழுவதும் மரத்தடியில்தான்.

கேள்வி: ரோமருக்கு எதிராக யூதர்கள் கடைசியாகப் போரிட்ட பெத்தார் கோட்டையும் இந்த ஊரும் ஒன்றா? (மோல்மேன் சபை ஊழியர்)

ஊருக்குப் பக்கத்துக் குன்றில் ஓர் இடிபாடு இருக்கிறது. அரபு மக்களே அதை "யூதர்களின் பாழிடம்" என்றுதான் பரம்பரையாகச் சொல்கிறார்கள். கி.பி. 132-ல் பார் கோக்பா தலைமையில் யூதர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ரோமச் சக்கரவர்த்தி ஹேட்ரியன், பிரிட்டனில் இருந்த யூலியஸ் செவெரஸ் என்ற தளபதியை வரவழைத்து அனுப்பினான். கி.பி. 135-ல் கடைசிக் கோட்டையான பெத்தார் விழுந்தது. அந்தக் கோட்டை இங்கே இருந்தது என்பதுதான் அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட முடிவு. ஊற்றுக்கு அருகில் ஐந்தாம் மாசிடோனிகா, பதினோராம் கிளாடியா என்ற இரண்டு ரோமப் படைப்பிரிவுகளின் பெயர் பொறித்த கல்வெட்டு கிடைத்திருக்கிறது. முற்றுகையிட்ட படைக்கும் தண்ணீர் வேண்டுமல்லவா!

அந்தப் போருக்குப் பிறகுதான் ரோமர்கள் யூதேயா மாகாணத்தின் பெயரை சிரியா பாலஸ்தீனா என்று மாற்றினார்கள். பெத்தாரின் வீழ்ச்சியையும் சேர்த்து நினைத்து யூதர்கள் இன்றும் ஆவ் மாதம் ஒன்பதாம் நாளில் உபவாசம் இருக்கிறார்கள். ஆக, ஒருவருக்கு அந்தக் குன்று தோல்வியின் நினைவிடம். இன்னொருவருக்கு அதன் சரிவு பாட்டன் பூட்டன் உழுத நிலம். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அழிக்கப் பார்ப்பவர்கள் இரு பக்கமும் உண்டு. அவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

கேள்வி: நீங்கள் ரயில்வேக்காரர் ஆயிற்றே. அந்த ஊரில் ரயில் உண்டா? (இன்செயின் வாசகர்)

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ரங்கூன்–புரோம் பாதையில் கார்டாக இருந்தவனிடம் கேட்டுவிட்டாய். பொறுமையாகப் படி.

யாஃபா துறைமுகத்திலிருந்து ஜெருசலேமுக்குப் பாதை போட 1888-ல் துருக்கி அரசிடம் அனுமதி வாங்கியவர் ஜோசப் நவோன் என்ற ஜெருசலேம் வியாபாரி. கையில் அவ்வளவு முதல் இல்லை. உரிமையை ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். 1892 செப்டம்பர் 26-ல் பாதை திறந்தது. நீளம் சுமார் 87 கிலோமீட்டர். கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம், என்ன தெரியுமா? மீட்டர் கேஜ்! 1877-ல் ஓடத் தொடங்கிய நம் ரங்கூன்–புரோம் பாதையின் அதே அகலம். யாஃபா, லிட்டா, ராம்லே, செஜெத், டெய்ர் அபான், பத்தீர், ஜெருசலேம். இவ்வளவுதான் ஸ்டேஷன்கள். கடல் மட்டத்தில் கிளம்பும் வண்டி ஏறக்குறைய 750 மீட்டர் உயரம் ஏற வேண்டும். அதில் பெரும்பகுதி ஏற்றம் டெய்ர் அபானுக்குப் பிறகுதான். பள்ளத்தாக்கின் ஓடை எப்படி எப்படி வளைகிறதோ அப்படியெல்லாம் பாதையும் வளையும். ஜெருசலேமுக்கு முந்திய கடைசி நிறுத்தம் பத்தீர்.

முதல் உலகப் போரில் துருக்கியர்கள் யாஃபா பக்கத்துத் தண்டவாளங்களைப் பெயர்த்து ராணுவப் பாதைகளுக்குக் கொண்டுபோனார்கள். மீதியை 1,050 மில்லிமீட்டர் கேஜுக்கு மாற்றினார்கள். 1917 டிசம்பரில் ஆங்கிலேயர் ஜெருசலேமைப் பிடித்தார்கள். 1920-க்குள் எல்லாம் 1,435 மில்லிமீட்டர் அகலத்துக்கு வந்துவிட்டது. ஆனால் மலையில் வளைவுகள் என்னவோ மீட்டர் கேஜுக்கு வெட்டிய அதே வளைவுகள்தான். அகலமான வண்டி அந்த வளைவில் எப்படி ஓடும்? ஊர்ந்துதான் ஓடும். நூறு வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பாதையில் வண்டிகள் மெதுவாகப் போனதற்கு இதுதான் காரணம்.

பத்தீர்ப் பெண்களுக்கு அந்த மெதுவான வண்டி பெரிய உபகாரம். காலையில் பறித்த கீரை, புதினா, கத்தரிக்காயைக் கூடையில் கட்டிக்கொண்டு ஏறினால் ஜெருசலேம் சந்தைக்கு வாடாமல் போய்ச் சேரும். ஊற்றும் ரயிலும் சேர்ந்ததால்தான் அந்த மலையூர் ஜெருசலேமின் காய்கறித் தோட்டம் ஆயிற்று.

அப்புறம் 1948. இஸ்ரேல் உருவாகிப் போர் மூண்ட வருஷம். ஜெருசலேமை ஒட்டிய டெய்ர் யாசின் என்ற அரபுக் கிராமத்தில் ஏப்ரல் 9-ல் யூத ஆயுதக் குழுக்கள் படுகொலை நடத்தின. அந்தச் செய்தியும் சண்டையும் நெருங்க நெருங்க, பத்தீரில் பெரும்பாலோர் பெத்லகேம் பக்கம் ஓடிப்போனார்கள். ஹசன் முஸ்தபா என்ற படித்த மனிதரும் கைவிரலில் எண்ணும் அளவுக்குச் சிலரும் மட்டும் ஊரில் இருந்தார்கள். ஊர் காலி என்று தெரிந்தால் எதிரே இருக்கும் படை உள்ளே வந்துவிடும். அதற்காக இவர்கள் செய்ததை ஊரார் இன்றும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஆளில்லாத வீடுகளில் ராத்திரி விளக்கு ஏற்றுவது, காலையில் மொட்டை மாடிகளில் துணி காயப்போடுவது, கம்புகளுக்குச் சட்டை மாட்டிக் காவலாள் நிற்கிற மாதிரி வைப்பது, ஆடு மாடுகளை அவிழ்த்து மேயவிடுவது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஊர் நிறைய ஆள் இருப்பதாகவே பட்டது.

1949 ஏப்ரல் 3-ல் ரோட்ஸ் தீவில் இஸ்ரேலும் ஜோர்டானும் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இஸ்ரேலுக்கு ரயில் பாதை முழுதாக வேண்டும். ஜெருசலேமுக்கு ரயிலில் போக வேறு வழி கிடையாது. ஆகவே பாதையும் அதை ஒட்டிய நிலமும் இஸ்ரேல் பக்கம் வரும்படி கோடு போட்டார்கள். பத்தீரின் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கோட்டுக்கு அப்பால் போயிற்று. வேறு எந்த ஊராக இருந்தாலும் அந்த நிலம் அன்றோடு போயிருக்கும். எத்தனையோ ஊர்களில் போயும் இருக்கிறது. ஆனால் ஹசன் முஸ்தபா பேச்சுவார்த்தையில் விடாமல் நின்றார்; எதிர்ப்பக்கம் இஸ்ரேலியத் தளபதி மோஷே தயான். கடைசியில் ஏற்பட்ட ஏற்பாடு இது: ரயிலுக்கு எந்த இடைஞ்சலும் வராமல் ஊரார் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பதிலாக, தண்டவாளம் தாண்டி இருக்கும் தங்கள் நிலத்தில் அவர்கள் பயிர் செய்துகொள்ளலாம். வேலி கிடையாது.

வண்டி பத்தீரில் நிற்பது அதோடு நின்றது. தங்கள் வாசலில், தங்களுக்கு நிற்காத வண்டிக்கு அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காவல் இருந்தார்கள். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபமும் வருகிறது, மரியாதையும் வருகிறது. கார்டு வேலை பார்த்தவனுக்கு ஒன்று தெரியும்: பாதையின் இருபுறமும் குடியிருப்பவர்கள் மனது வைக்காவிட்டால், எத்தனை போலீஸை நிறுத்தினாலும் வண்டி நிம்மதியாக ஓடாது. தயானுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: நமக்கே கரண்ட் எட்டு மணி நேரம்கூட ஒழுங்காக வருவதில்லை. எங்கோ ஒரு மலையூரைப் பற்றித் தெரிந்து என்ன ஆகப்போகிறது? (டௌங்கூ வாசகர்)

கரண்ட் வராத நேரத்தில் படிக்கத்தானே ஐயா பத்திரிகை!

சரி, விளையாட்டு போகட்டும். 2014 ஜூனில் கத்தார் நாட்டு தோஹாவில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு கூடியது. அந்தக் கூட்டத்தில்தான் நம் பியூ நகரங்கள் பட்டியலில் ஏறின. பர்மாவுக்குக் கிடைத்த முதல் இடம் அது. ஹலின், பெய்க்தானோ, ஸ்ரீக்ஷேத்திரம் மூன்றும் சேர்த்து. ஸ்ரீக்ஷேத்திரம் எங்கள் புரோம் பாதையில் மாவ்ஸா ஸ்டேஷனை ஒட்டியது. அதே கூட்டத்தில், அதே வாரத்தில் ஏறிய இன்னொரு பெயர்: "பாலஸ்தீனம், ஒலிவமும் திராட்சையும் விளையும் நாடு: தெற்கு ஜெருசலேமின் பண்பாட்டு நிலக்காட்சி, பத்தீர்". பெயர் நீளம்தான். இடம் சிறியது, 349 ஹெக்டேருக்கு மேல் இல்லை. நம்முடைய இடங்கள் செங்கல் மதில்களும் அகழிகளும் வாய்க்கால்களுமாக, மனிதர் விட்டுப்போன நகரங்கள். அவர்களுடையதில் இன்றைக்கும் தண்ணீர் ஓடுகிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. பத்தீரைப் பட்டியலில் சேர்த்த அன்றே "ஆபத்தில் இருக்கும் இடங்கள்" பட்டியலிலும் சேர்த்தார்கள். பாலஸ்தீனம் அதை அவசர மனுவாகத்தான் கொடுத்திருந்தது. யுனெஸ்கோவுக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர் அமைப்பு சேர்க்க வேண்டாம் என்றது. குழு வாக்கெடுத்துச் சேர்த்தது. என்ன ஆபத்து என்பது அடுத்த கேள்வியில் வருகிறது.

கேள்வி: பிரிவினைச் சுவர் இந்த ஊர் வழியாகவும் வந்ததா? இன்றைய நிலை என்ன? (ரங்கூன், மொகல் தெரு வாசகர்)

வரவில்லை. வரவிடாமல் செய்ததில் எதிர்பாராத கைகள் சில சேர்ந்தன, பாய். மேற்குக் கரையைத் தன்னிடமிருந்து பிரிக்க இஸ்ரேல் 2002-ல் சுவர் கட்டத் தொடங்கியது. பத்தீரில் அதை ரயில் பாதையை ஒட்டிக் கொண்டுபோகத் திட்டம். சுவரோ வேலியோ, இரு பக்கமும் சாலையும் அகழியும் வேண்டும். அதற்குப் படித்தளங்களை வெட்ட வேண்டும். வாய்க்காலை அறுக்க வேண்டும். தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கும் வயல் 1949 ஏற்பாட்டோடு சேர்ந்து போய்விடும். ஊரார் இஸ்ரேலின் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இஸ்ரேலியர், பாலஸ்தீனர், ஜோர்டானியர் சேர்ந்து நடத்தும் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பும் மனுப் போட்டது. இஸ்ரேல் அரசின் இயற்கை மற்றும் பூங்கா ஆணையமே 2012-ல், இந்தத் தளங்களைச் சுவர் நாசமாக்கும் என்று ஊருக்குச் சாதகமாக எழுதிக் கொடுத்தது. ஓர் அரசுத் துறை தன் ராணுவத்தின் திட்டத்துக்கு எதிராகக் கையெழுத்திடுவது எங்கும் அன்றாடம் நடப்பதில்லை.

ஊரார் கையில் இருந்த வாதம் எளிமையானது. இத்தனை வருஷம் வேலி இல்லாமல் ரயிலைக் காப்பாற்றியிருக்கிறோம்; பிறகு எதற்குச் சுவர்? 2015 தொடக்கத்தில், இப்போதைக்கு அங்கே கட்டும் எண்ணம் இல்லை என்று அரசு தரப்பு சொன்னதை நீதிமன்றம் பதிவு செய்துகொண்டது. நிரந்தரத் தடை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் சுவர் எழும்பவில்லை.

சுவர் போனால் வேறு வழி. 2024 ஆகஸ்டில் இஸ்ரேலிய அமைச்சர் ஸ்மோட்ரிச், நஹல் ஹெலெட்ஸ் என்ற புதிய யூதக் குடியேற்றத்துக்கு எல்லை வகுத்து அறிவித்தார். பாரம்பரியப் பட்டியலில் உள்ள பகுதிக்குள் அது வருகிறது. மேற்குக் கரையில் இத்தகைய குடியேற்றங்கள் சர்வதேசச் சட்டப்படி செல்லாது என்று சர்வதேச நீதிமன்றம் அதற்கு முந்திய மாதம்தான் கருத்துச் சொல்லியிருந்தது. குடியேற்றத்துக்குப் பெயரில் இருக்கும் நஹல் என்பது ஓடையைக் குறிப்பது. ஆனால் அங்கே ஓடுகிற தண்ணீருக்குப் பங்குக் கணக்கு எழுதி வைத்திருப்பவர்கள் யார் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

வெளியிலிருந்து வரும் ஆபத்து மட்டும் இல்லை. கல் சுவர் என்றால் மழைக்காலம் முடிந்ததும் சரிந்ததை எடுத்து அடுக்க வேண்டும். அடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். கூலி வேலைக்குப் போனால் கையில் காசு உடனே வருகிறது. தளத்தில் நின்றால் கத்தரிக்காய்தான் வருகிறது. இளவட்டங்கள் எதைப் பார்ப்பார்கள்? வாய்க்காலைச் சீர்செய்வதிலும் பழைய வீடுகளைப் புதுப்பிப்பதிலும் ஊரில் வேலை நடந்தது. அதற்கு 2011-ல் யுனெஸ்கோவின் மெலினா மெர்குரி பரிசும் கிடைத்தது. பரிசு நல்லதுதான். சுவர் அடுக்கும் கைக்குக் கூலி கட்டுப்படியாகிறதா என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

கேள்வி: போன மாதம் கேட்டவள்தான் தாத்தா. போனில் செயற்கைக்கோள் படத்தில் அந்த ஊரைப் பார்க்க முடியுமா? (ரங்கூன் மாணவி)

முடியும் கண்ணு. ஜெருசலேமைத் தேடி, அங்கிருந்து தென்மேற்கே இறங்கும் ரயில் பாதையைப் பிடித்துக்கொள். 1998-ல் பழுதாகி மூடி, 2005-ல் ஜெருசலேம் வரை மறுபடி திறந்த பாதை அது. 2018-ல் சுரங்கங்கள் வழியாக வேகப் பாதை ஒன்று வந்த பிறகு இதற்கு மவுசு குறைந்தது. 2020-ல் கொரோனா வந்தபோது மலைப்பகுதி வண்டியை நிறுத்தினார்கள். தண்டவாளம் படத்தில் தெளிவாகத் தெரியும். பள்ளத்தாக்கோடு வளைந்து வளைந்து வா. தெற்குப் பக்கச் சரிவில் வரி வரியாகக் கோடு தெரிய ஆரம்பித்தால் அவைதான் தளங்கள். அதற்கு மேலே நெருக்கமாக வீடுகள். நடுவில் பச்சையாக ஒரு விசிறி விரிந்திருக்கும். அது ஊற்றுத் தண்ணீர் பாயும் காய்கறி நிலம். மே, ஜூனுக்குப் பிறகு எடுத்த படமாகப் பார். சுற்றிலும் எல்லாம் காய்ந்திருக்கும்போதுதான் அந்தப் பச்சை தனியாகத் தெரியும்.